விபுலானந்த அடிகளாரும் பல்சமயக் கல்விக்கூடமும்

சமயத்தை வாயிலிலே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருக என்று மாணவனைப் பணிப்பது ஒரு கல்விக்கூடத்துக்கு எளிது. கூடத்தை நடத்துவோரின் வழிபாட்டிலே எல்லோரும் வந்து நிற்க என்று பணிப்பது அதனினும் எளிது. ஒவ்வொரு மாணவனும் தன் சமயத்தோடு வந்து, பிறன் சமயத்துக்கு ஊறு செய்யாது, ஒரே வாங்கில் அமர்ந்து பயில வழி வகுப்பதே அரிது. இவ்வரிய காரியம் இயலுவதே என்பதை நம் ஈழநாட்டிலே தம் வாழ்க்கையால் விளக்கியவர் சுவாமி விபுலானந்த அடிகளார்.

அடிகளாரை முத்தமிழ் வித்தகர் என்றும், யாழ்நூலாசிரியர் என்றும், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியர் என்றும் பலரும் அறிவர். ஆனால் பிற சமயத்தார் நடத்திய பாடசாலைகளிலும், பல சமயத்தார் கூடிப் பயின்ற கழகங்களிலும் அவர் தம் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர் என்பதனையும், அங்கெல்லாம் தம் சமயத்தை விட்டவருமல்லர், பிறர் சமயத்தைத் தொட்டவருமல்லர் என்பதனையும் எண்ணிப் பார்ப்போர் சிலரே. நம் பழைய மாணவர் விழா மலர் வெளியிடும் இவ்வேளையில், அவர் வரலாற்றின் அந்தப் பகுதியையே சிறப்பாக எடுத்துரைக்க விழைகின்றோம். இந்து என்னும் பெயரைத் தாங்கி நிற்கும் ஒரு கல்லூரிக்கு அதில் ஒரு பாடம் உண்டென்பது எம் கருத்து.

பிறப்பும் கல்வியும்

கீழ் மாகாணத்திலே, அக்காலத்தில் மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்ததும் இக்காலத்தில் அம்பாறை மாவட்டத்துள் அடங்குவதுமாகிய காரைதீவு என்னும் ஊரில், 1892ஆம் ஆண்டு பங்குனித் திங்களிலே, சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மைந்தராக அடிகளார் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன் என்பது. காரைதீவு கண்ணகி அம்மன் கோயிலாற் புகழ்பெற்ற ஊர். அதற்கு வடக்கே சாய்ந்தமருதும் தெற்கே நிந்தவூரும் இஸ்லாமிய மக்கள் நிறைந்து வாழும் ஊர்கள். அம்மனுக்குச் சடங்கு நிகழும் ஊரும், வாங்கொலி கேட்கும் ஊர்களும் ஒரே கடற்கரையில் அடுத்தடுத்து அமைந்த நிலப்பரப்பு அது. அயலான் வேறு முறையில் வழிபடுவான் என்பதை நூலிற் கற்று அறிய வேண்டிய நிலை அவ்வூர்ப் பிள்ளைக்கு இல்லை.

மயில்வாகனனார் முதலில் ஊரிலே தமிழும், புலோலியூர் வைத்தியலிங்க தேசிகரிடம் வடமொழியும் பயின்றார். பின்னர் கல்முனையில் மெதடிஸ்த மிஷனார் நடத்திய பாடசாலையிலும், அதன்பின் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் சேர்ந்தார். மிக்கேல் கல்லூரி இயேசு சபைத் துறவியர் நடத்தியது. பொனெல் அடிகளார் என்னும் துறவி அங்கே அவர்க்குக் கணிதத்திற் பெரும் ஊக்கம் அளித்தார். தம் பதினாறாம் ஆண்டில், 1908இல், கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்விலே மயில்வாகனனார் சித்தியெய்தினார்.

இங்கே சற்று நின்று நோக்குதல் தகும். அக்காலத்திலே ஆங்கிலக் கல்வி பெற விரும்பிய சைவப் பிள்ளைக்கு மிஷன் பாடசாலையன்றி வேறு வழி பெரும்பாலும் இல்லை. சைவப் பிள்ளைகள் பிற சமய வேதத்தைப் படித்தே ஆங்கிலம் கற்கவேண்டியிருந்தது பற்றி ஆறுமுக நாவலர் காலந்தொட்டு நம்மவர்க்கு மனத்தாங்கல் இருந்து வந்தது. அத்தாங்கலிலிருந்தே நம் நாட்டின் சைவப் பாடசாலைகளும் இந்துக் கல்லூரிகளும் பிறந்தன. மயில்வாகனனாரோ இரு கிறித்தவ சபையாரிடமும் கற்றார். கற்ற பின்னும் சைவராகவே நின்றார். கற்பித்தவர்பால் நன்றியும் உடையவராயிருந்தார். தம் வீட்டிலும் திண்ணைப் பள்ளியிலும் வேரூன்றிய பிள்ளை வேறு காற்றில் அசையுமேயன்றி விழாது என்பதற்கு அவர் சான்றாயினார்.

கொழும்பில்

1911ஆம் ஆண்டு அவர் கொழும்புக்கு வந்து அரசினர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்தார். மறு ஆண்டு பயிற்சி பெற்ற ஆசிரியராக வெளியேறினார். பிற்காலத்திற் பேராசிரியராய் விளங்கிய பெரியார் முதற்கண் பெற்ற தொழிற்றகைமை பயிற்சி பெற்ற ஆசிரியர் என்னும் நற்சான்றிதழே என்பது, அதே சான்றிதழைக் கையிற் கொண்டு கரும்பலகை முன் நிற்கும் எம் போன்றார்க்குப் பெருமை தருவதொன்று. பயிற்சிக் காலத்திலே கொழும்பில் வாழ்ந்த தென்கோவைக் கந்தையா பிள்ளை முதலிய புலவர்களிடம் அவர் தமிழிலக்கியத்தை ஆழக் கற்றார்.

அவர் வந்து சேர்ந்த கொழும்பு மாநகர் சமயப் பிணக்கையும் சமய இணக்கத்தையும் ஒருங்கே கண்ட நகர். 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையிலுள்ள தீபதுத்தமாராம விகாரைக்கு வாத்தியங்களோடு சென்ற பௌத்தர் ஊர்வலம், புனித லூசியாள் பேராலயத்துக்கு அருகே தாக்கப்பட்டுப் பெருங்கலகமாயிற்று. ஒரு சாரார்க்கு அது பெரு நோன்பு முடிந்த திருநாள். மற்றொரு சாரார்க்கு விகாரைத் திருவிழா. இரண்டும் புனிதமானவையே. ஒரே தெருவில், ஒரே பொழுதில் அவை எதிர்ப்பட்டபோது யார் எவ்வழிச் செல்வது, எப்போது செல்வது என்பதை முன்னரே இருந்து பேசி முடித்து வைப்பார் இல்லாமையே கேடாயிற்று. அக்கலகத்தின் விளைவாக ஒல்கொட் துரை 1884இல் இலண்டன் சென்று பௌத்தர் குறைகளை முறையிட்டார். 1885 முதல் வெசாக் நாள் பொது விடுமுறையாயிற்று. அவ்விடுமுறைக்காகச் சட்டசபையில் வாதாடியவர்களுள் நம் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். ஒரு சமயத்தாரின் புனித நாளுக்காக மற்றொரு சமயத்தார் வாய்திறந்து கேட்டமை நினைவிற் கொள்ளத்தக்கது.

அதே கொழும்பில் 1897ஆம் ஆண்டு தை மாதத்திலே, மேல்நாட்டிலிருந்து மீண்ட சுவாமி விவேகானந்தர் வந்திறங்கினார். அவர் நினைவாக 1902இல் விவேகானந்த சபை தோன்றியது. கொட்டாஞ்சேனையை அடுத்த விவேகானந்த மேடு அதன் பெயராலேயே விளங்குகின்றது. கலகம் நிகழ்ந்த பேட்டைக்கு அருகிலேயே எல்லாச் சமயமும் இறைவனை நாடும் வழிகளே என்னும் கொள்கையைப் பரப்பும் சபை எழுந்ததெனின், அக்கொள்கைக்கு அவ்விடத்தில் எத்துணைத் தேவை இருந்ததென்பது தானே விளங்கும்.

பயிற்சி முடித்த மயில்வாகனனார் தாம் பயின்ற மிக்கேல் கல்லூரியிலேயே ஆசிரியரானார். 1915இல் மீண்டும் கொழும்புக்கு வந்து அரசினர் பொறியியற் கல்லூரியிற் சேர்ந்து, 1916இல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதத் தேர்விலும் தேறினார். ஈழநாட்டிலிருந்து அப்பட்டம் பெற்றோருள் முதல்வர் அவரே. 1917இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராக அமர்ந்தார். கத்தோலிக்கத் துறவியர் நடத்திய கல்லூரியிலே சைவ ஆசிரியர் ஒருவர் பௌதிகமும் இரசாயனமும் கற்பித்தார். அவர்தம் நெற்றித் திருநீறு அவர்கள் கல்விக்குத் தடையாகவில்லை. அவர்கள் செபமும் அவர் கற்பித்தலுக்குத் தடையாகவில்லை. 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். அவ்வாண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி அவரை நாடி வந்தது.

துறவு

யாழ்ப்பாணத்தில் இருந்தபோது இராமகிருஷ்ண மடத்துச் சுவாமி சர்வானந்தரைக் கண்டு பழகும் பேறு அவர்க்கு வாய்த்திருந்தது. அன்று விதைத்த விதை 1922இல் முளைத்தது. முப்பதாண்டு நிரம்பிய பட்டதாரி, பண்டிதர், அதிபர் என்னும் மூன்று பெருமைகளையும் ஒருங்கே துறந்து சென்னை மயிலாப்பூர் மடத்தை அடைந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரிய நாமம் பெற்று, இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி என்னும் இதழ்களுக்கு ஆசிரியராய்ப் பணிபுரிந்தார். 1924ஆம் ஆண்டுச் சித்திரைப் பூரணையில் சுவாமி சிவானந்தர் அவர்க்குக் காவியுடை அளித்து விபுலானந்தர் என்னும் பெயர் சூட்டினார்.

அவர் சேர்ந்த சங்கத்தின் இயல்பை ஈண்டு அறிதல் வேண்டும். பரமஹம்சர் காளி கோயிலிற் பூசை செய்தவர். இஸ்லாமிய நெறியிலும் கிறித்தவ நெறியிலும் நின்று சாதனை புரிந்தும் பார்த்தவர். அவர்தம் சீடர் மரபில் வந்த மடங்களிலே கிறிஸ்து பிறப்பின் முன்னிரவில் இயேசுநாதர்க்கு ஆராதனை செய்யும் வழக்கம் இன்றும் உண்டு. அம்மடத்தார் அதனாற் கிறித்தவராகிவிடவில்லை. பிற சமயத்தைப் பொறுத்துக்கொள்ளுதல் ஒரு படி. அதனைப் போற்றுதல் அதனினும் உயர்ந்த படி. அடிகளார் பயின்றது இரண்டாம் படியில்.

1925இல் ஈழம் திரும்பிய அடிகளார் இராமகிருஷ்ண சங்கத்துப் பாடசாலைகளின் முகாமையை ஏற்றார். யாழ்ப்பாணத்து வைத்தீசுவர வித்தியாலயம், திருகோணமலை இந்துக் கல்லூரி, மட்டக்களப்புப் பகுதியிற் பல சிறு பாடசாலைகள் எனப் பொறுப்புப் பெருகிற்று. கல்லடி உப்போடையிலே தம் குருநாதர் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை 1929இல் நிறுவினார். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட அந்நிலத்திலே எழுந்த வித்தியாலயம் கீழ் மாகாணத்துத் தமிழர்க்கு விஞ்ஞானக் கல்வியும் சமயக் கல்வியும் ஒருசேர வழங்கியது. சைவப் பிள்ளை தன் சமயச் சூழலிலேயே உயர்கல்வி பெறலாம் என்னும் நெடுநாள் வேட்கை அங்கே நிறைவேறியது.

இரு பல்கலைக்கழகங்கள்

1931இல் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அடிகளாரைத் தன் முதற் றமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அண்ணாமலைச் செட்டியார் நிறுவி அப்போது இரண்டாண்டே ஆகியிருந்தது அக்கழகம். தில்லைக் கூத்தன் சந்நிதிக்கு அணித்தே, திருவேட்களம் என்னும் பாடல்பெற்ற தலத்தின் எல்லையிலே அமைந்த வளாகம் அது. சைவத் துறவிக்கு அதனினும் உகந்த இடம் வேறு இராது.

அவ்விடத்தில் அடிகளார் செய்த காரியம் ஒன்று எம் நெஞ்சை விட்டு அகலாதது. மாலைப் பொழுதுகளில் அவர் திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். சென்னை மாகாணத்துப் பெருங்கோயில்களின் வாயில்கள் அம்மக்களுக்கு இன்னும் திறவாதிருந்த காலம் அது; மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் அவர்கள் புகுந்தது 1939இல்; மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்தது 1947இல். பிற சமயத்தார்க்கு இடமளிப்போம் என்று கூறும் நாம், நம் சமயத்துள்ளேயே எத்தனை பேரைப் புறத்தே நிறுத்தினோம் என்று எண்ணவேண்டும். வளாகத்தின் உள்ளே வேதாந்தம் பேசி, வேலியின் புறத்தே ஒரு பிள்ளை எழுத்தறியாது நிற்கக் காண்பது அடிகளார்க்கு ஒவ்வவில்லை. கல்விக்கூடத்துச் சமயப் பொறை எங்கே தொடங்கவேண்டும் என்பதற்கு அச்சேரியே விடை.

1933இல் அப்பதவியை விட்டு நீங்கிய அடிகளார் சங்கப் பணிக்கும் ஆராய்ச்சிக்கும் மீண்டார். 1936இல் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கத் துணை செய்தார். பின்னர் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்தில் 1939 முதல் 1941 வரை பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழை நடத்தினார். மாயாவதியில் உருவ வழிபாடு இல்லை; அத்துவித நெறி மட்டுமே அங்கே நிலவ வேண்டும் என்பது விவேகானந்தர் வகுத்த ஒழுங்கு. கண்ணகி அம்மன் சந்நிதியில் வளர்ந்தவர், நடராச வடிவத்தை வியந்து எழுதியவர், படமும் மலரும் இல்லாத அவ்வாச்சிரமத்தில் மனநிறைவோடு வாழ்ந்தார். ஓர் இடத்தின் ஒழுங்குக்கு மதிப்பளித்து அதில் வாழ்தல் வேறு. தன் உள்ளத்து வழிபாட்டைக் கைவிடுதல் வேறு. இவ்வேறுபாட்டை அறிந்தவன் எவ்விடுதியிலும் இனிது வாழ்வான்.

இலங்கையிற் பல்கலைக்கழகம் வேண்டுமென 1906இல் இயக்கம் தொடங்கியவர் பொன்னம்பலம் அருணாசலம். 1921இல் கொழும்பு தேர்ஸ்டன் வீதியிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942 ஆடி முதல் நாளில் அது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் உபவேந்தர். ஆணென்றும் பெண்ணென்றும், இனமென்றும் சமயமென்றும் பாராது எல்லார்க்கும் அது திறந்திருக்கும் என்பது அதனை நிறுவிய சட்டத்தின் கொள்கை. இக்கொள்கை எளிதில் வந்ததன்று. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் கழகங்களிலே, நாட்டுத் திருச்சபையைச் சேராதவர்க்குப் பட்டமும் பதவியும் மறுக்கும் சமயச் சோதனைகள் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே பெரிதும் ஒழிந்தன. சமயச் சோதனை இன்றியே தொடங்கிய இலண்டன் மரபை நம் கழகம் பின்பற்றியது.

அக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியராக 1943இல் அடிகளார் அமர்ந்தார். எச்சமயத்தையும் சாராத அரசினர் கழகத்திலே காவியுடுத்த துறவி ஒருவர் பேராசிரியர் ஆசனத்தில் இருந்தார். பாளிக்கும் பௌத்த நாகரிகத்துக்கும் மலலசேகர அங்கே பேராசிரியர். வடமொழியும் சிங்களமும் அரபும் அயலே போதிக்கப்பட்டன. கழகம் சமயம் சாராதது என்பதற்காக அடிகளார் காவியைக் களையுமாறு எவரும் கேட்கவில்லை. காவி உடுத்தவர் என்பதற்காக அவர் வகுப்பிற் சமயப் பிரசாரம் செய்யவும் இல்லை. சார்பின்மை என்பது ஆசிரியனின் நெற்றியை வெறுமையாக்குவதில் இல்லை என்பதும், அவன் மாணவர் அனைவர்க்கும் ஒரே அளவில் அறிவு வழங்குவதில் உண்டு என்பதும் அங்கே தெளிவாயின.

அதற்கு ஒரு சான்று காட்டுவோம். பாணந்துறையை அடுத்த ஹேனமுல்லையைச் சேர்ந்த உவைஸ் என்னும் இஸ்லாமிய இளைஞர் அக்காலத்தில் அக்கழகத்திற் சேர்ந்தார். தமிழைச் சிறப்பாகக் கற்குமாறு அவரை ஊக்கியவர் அடிகளார். முதுகலைப் பட்டத்துக்கு அவர் தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டினை ஆராய்ந்தார். பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து இஸ்லாமியத் தமிழ் இலக்கியத் துறையின் முதற் பேராசிரியராக உயர்ந்தார். இந்துத் துறவி ஒருவரின் தமிழ்த் துறையிலிருந்து இஸ்லாமியத் தமிழ் ஆராய்ச்சியின் முன்னோடி தோன்றினார். மாணவனைத் தன் சமயத்துக்கு இழுத்திருந்தால் ஓர் ஆளைப் பெற்றிருக்கலாம். அவன் சமயத்தின் செல்வத்தையே அவனுக்குக் காட்டியதனால் தமிழ் ஓர் இலக்கியப் பரப்பையே பெற்றது.

யாழ்நூலும் இளங்கோவும்

இவ்வுள்ளப் பாங்கு அடிகளார்க்கு அவர் கற்ற தமிழிலிருந்தே வந்தது என்றும் கூறலாம். அவர் பல்லாண்டு முயன்று எழுதிய யாழ்நூல் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை அடிப்படையாகக் கொண்டது. கணிதமும் பௌதிகமும் கற்ற அறிவைக் கொண்டு, மறைந்துபோன வில்யாழ், பேரியாழ், மகரயாழ், செங்கோட்டியாழ், சகோடயாழ் என்பவற்றின் அமைப்பையும் சுரநிலைகளையும் அவர் கணித்துக் காட்டினார். ஆராய்ச்சிக்கு முதலாகிய காப்பியத்தை இயற்றியவரோ சமணத் துறவி எனக் கொள்ளப்படும் இளங்கோ. அவ்வடிகள் ஆய்ச்சியர் குரவையிலே திருமாலையும், வேட்டுவ வரியிலே கொற்றவையையும், குன்றக் குரவையிலே முருகனையும் அந்தந்த மக்களின் வாய்மொழியாகவே பாடவைத்தார். ஒவ்வொரு குலத்தாரும் தத்தம் தெய்வத்தைத் தத்தம் முறையில் வழிபட, ஒரே காப்பியத்துள் எல்லோர்க்கும் இடமுண்டாயிற்று. மணிமேகலை பௌத்தம், தேவாரம் சைவம், பிரபந்தம் வைணவம், தேம்பாவணி கத்தோலிக்கம், சீறாப்புராணம் இஸ்லாம். தமிழ்த் துறையில் நேர்மையோடு பாடம் சொல்பவன் எவனும் பல சமயத்தையும் மதித்தே தீர வேண்டியவனாகின்றான். எம் தொழில் எமக்கு நாள்தோறும் நினைவூட்டும் உண்மை இது.

1947ஆம் ஆண்டு ஆனித் திங்கள் 5ஆம் 6ஆம் நாள்களில், அஃதாவது ஆங்கில மாதம் யூன் 5, 6இல், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலிலே யாழ்நூல் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அந்நூலை வெளியிட்டது. மாயாவதியில் உருவமின்றி வழிபட்டவர் தம் வாழ்நாட் பயனைச் சம்பந்தர் பாடிய தலத்துச் சந்நிதியிலே சமர்ப்பித்தார். ஆறு வாரமே சென்றது. யூலை 19ஆம் நாள் கொழும்பில் அடிகளார் உடல் நீத்தார். அவர் திருமேனி மட்டக்களப்புக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சிவானந்த வித்தியாலய வளவிலே சமாதி வைக்கப்பெற்றது. நாடு விடுதலை பெறுவதற்கு ஏழு மாதம் முந்திய நிகழ்ச்சி அது.

அவருக்குப் பின்

அடிகளார் காண வாழாத வளாகம் பேராதனை. மாணவர் தங்கிப் பயிலும் கழகமாக 1952இல் அது செயற்படத் தொடங்கியது. தங்கிப் பயிலும் இடத்திலே சமய வினா கூர்மையடைகின்றது. பகலிற் கற்று மாலையில் வீடு திரும்பும் மாணவனுக்கு வீடு தன் கோயிலையும் அடுக்களையையும் வைத்திருக்கின்றது. விடுதி மாணவனுக்கோ உண்பதும் உறங்குவதும் நோற்பதும் வணங்குவதும் வளாகத்துள்ளேயே. பேராதனையில் விடுதிகளைச் சமயவாரியாகப் பிரிக்கவில்லை. இராமநாதன் மண்டபத்திலும் அருணாசலம் மண்டபத்திலும் எல்லாச் சமயத்தாரும் தங்கினர். ஒரே மண்டபத்தில் உண்டு, ஒரே மைதானத்தில் ஆடினர். வழிபாட்டுக்கு மட்டும் தத்தமக்கு இடமுண்டு: பௌத்த விகாரையும் கிறித்தவ ஆலயங்களும் பள்ளிவாசலும் அப்பெரு வளாகத்தில் எழுந்தன, சைவ மாணவரும் ஆசிரியரும் வழிபட மலைச்சாரலிலே குறிஞ்சிக் குமரன் கோயில் கொண்டான். கூடி வாழ்தலும் தனித்து வழிபடுதலும் ஆகிய இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கும் தூண்களாகும். தனித்தனி விடுதி அமைத்திருந்தால் ஒருவரை ஒருவர் அறிந்திரார். வழிபாட்டிடம் மறுத்திருந்தால் அங்கே ஒருவரும் தாமாக இருந்திரார்.

அடிகளாரின் ஆசனத்தில் 1947இல் கணபதிப்பிள்ளை அமர்ந்தார். அதே கழகத்திலே கத்தோலிக்கக் குருவான தனிநாயகம் அடிகள் கல்வித் துறையில் விரிவுரையாளராயிருந்து, தமிழாராய்ச்சியை உலகெங்கும் கொண்டு சென்றார். அடிகளார் முகாமை செய்த பாடசாலைகளோ 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின் ஏனைய உதவி பெறும் பாடசாலைகள் பலவற்றோடு அரசினர் வசமாயின. இன்று கல்லடியில் அவர் பெயரால் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பகுதியாய் இயங்குகின்றது.

நமக்குரிய பாடம்

சிறுபான்மையாய் நின்றபோது நாம் கேட்டதை, பெரும்பான்மையாய் இருக்கும் இடத்தில் நாம் கொடுக்கின்றோமா என்பதே அடிகளார் வாழ்வு நம் முன் வைக்கும் வினா. மிஷன் பாடசாலையில் நம் முன்னோர் கேட்டவை எவை? வேற்று வழிபாட்டில் நிற்குமாறு பிள்ளையைக் கட்டாயப்படுத்தலாகாது. திருநீற்றை அழிக்கச் சொல்லலாகாது. சிவராத்திரி கண்விழித்த பிள்ளைக்கு மறுநாட் காலை தேர்வு வைக்கலாகாது. மரக்கறி உண்பவன் பசியோடிருக்க விடலாகாது. இவையே. இந்துக் கல்லூரி ஒன்றின் வகுப்பில் ஓர் இஸ்லாமியப் பிள்ளையோ கிறித்தவப் பிள்ளையோ இருக்குமெனின், அதே நியாயம் அப்பிள்ளைக்கும் உரியது. வெள்ளி நண்பகல் தொழுகைக்கு அவன் செல்ல வழி வேண்டும். நோன்பு மாதத்தில் ஓட்டப் பந்தயப் பயிற்சி அவனை வாட்டாத நேரத்தில் அமையவேண்டும். காலைத் தேவாரத்தின்போது கிறித்தவப் பிள்ளை மரியாதையாக அமைதி காப்பின் அதுவே போதும். அவன் வாயசைவை எவரும் உற்று நோக்க வேண்டா. நம் நாட்டுப் பாடத்திட்டம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் சமயத்தையே கற்பிக்கச் சொல்கின்றது. அச்சமயத்தைப் பாடமாகக் கொண்ட மாணவன் ஒருவனே ஆயினும் அவனுக்கும் ஆசிரியரைத் தேடித் தருதல் கல்லூரியின் கடன்.

இவற்றால் நம் இந்து இயல்பு குன்றும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வேரற்ற மரத்துக்குரியது. காலை வழிபாடும் நவராத்திரி விழாவும் குருபூசையும் நம் கல்லூரிகளிற் குறைவின்றி நடைபெறுக. நம் பிள்ளைகள் திருமுறையை நன்கு கற்கட்டும். தன் சமயத்தை அரைகுறையாய் அறிந்தவனே பிறன் சமயத்தைக் கண்டு சீறுகின்றான். முழுதறிந்தவனுக்கு அதில் அச்சமும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. அடிகளார் மெதடிஸ்தரிடமும் கத்தோலிக்கரிடமும் கற்றும் கலங்காதிருந்தது இதனாலேயே.

இக்கல்லூரியிலிருந்து வெளியேறிய பழைய மாணவர் பலர் இன்று அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பிறர்க்கு விடுமுறை அளிக்கவும், தேர்வு நாள் குறிக்கவும், விடுதி நடத்தவும் அதிகாரம் பெற்றுள்ளனர். அவ்வதிகாரம் கையிலிருக்கும்போது, தம்மினத்தார் அல்லாத ஒருவன் தயங்கித் தயங்கித் தன் புனித நாளுக்காக வந்து நிற்பானாயின், அவன் கேட்குமுன் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்து அந்நாளை அவனுக்கு ஒதுக்கித் தருக. விபுலானந்த அடிகளாரின் பெயரை விழா மேடையில் நினைவுகூர்வதினும் அச்செயல் அவருக்கு உவப்பாகும்.